யப்பானில் வெறுங்கிண்ணம் வைத்தது பற்றி என் பக்க நியாயம்

டார்ம்ஸ்டாட்
நவம்பர் 12, புதன்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க கிறிஸ்தோப்பர் அண்ணைக்கு,

உங்கள் தங்கையின் கணவன் அல்பேர்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவரின் கிருபையால் நீங்கள் லைப்சிக்கில் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என எழுதுவதுதான் முறை. ஆனால் நம்பத் தேவையில்லை, எனக்கு நிச்சயமாகவே தெரியும், ஏனென்றால் ஒன்பது நாளாக உங்கள் குசினியில் நிற்பது என் மனைவி. நானும் இங்கே சுகம். நேற்று மத்தியானம் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். இன்றைக்கு வாழைப்பழம் முடிந்துவிட்டது.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். உங்கள் போனை இப்போது கொறற்றிதான் எடுக்கிறாள். என் குரல் கேட்டதும் "அண்ணை குளிக்கிறார்" என்று வைத்துவிடுகிறாள். என் கணக்கின்படி நீங்கள் ஒன்பது நாளில் பதினாலு தரம் குளித்திருக்கிறீர்கள். வட்ஸ்அப்பில் எழுதினால் கண்ணாடியைக் காணவில்லை என்று அவளிடமே கொடுத்து வாசிக்கச் சொல்வீர்கள். ஆகவேதான் பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறேன். இது ஆம்பிளைகள் நாங்கள் இரண்டு பேருக்குள் இருக்க வேண்டிய அலுவல். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து வாசியுங்கள்.

விசயம் இதுதான். "ரெண்டு கிழமை ஆறுதலா இருப்பம் எண்டு வந்தனான்" என்று அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அது பொய். அவள் என்னைக் கோபித்துக்கொண்டு வந்தவள். வெளிக்கிடுவதற்கு முதல் நாள் கண் டொக்டரிடம் போன் பண்ணி, ஜனவரி மாதம் வந்து காட்டச் சொல்லிக் குறித்துத் தந்த தெர்மினை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏழு மாதம் காத்திருக்க வேண்டும் என்று தந்த தெர்மின் அண்ணை. இந்த நாட்டில் முப்பது வருடம் இருந்த ஒரு மனிசி அப்படிப்பட்ட தெர்மினை விட்டுக் கொடுக்கிறாள் என்றால் அது ஆறுதல் எடுக்கும் கதை இல்லை. எனக்கு அவள் திரும்பி வரவேண்டும். அதற்கு முன் நடந்தது என்ன என்று என் பக்கத்தையும் கேளுங்கள், கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

மார்ச்சில் நான் பெஞ்சன் எடுத்ததும் ஓகஸ்டில் கொறற்றி முதியோர் இல்ல வேலையை விட்டதும் உங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் எனக்குப் பேக்கரியில் இரவு வேலை, அவளுக்கு விடியக்காலை வேலை. நாங்கள் புருசன் பெண்சாதியாகச் சந்தித்தது அனேகமாக மாடிப்படியில்தான். நான் ஏறுவேன், அவள் இறங்குவாள். "கறி அடுப்பில கிடக்கு" என்பாள், "ஓம்" என்பேன். சண்டை பிடிக்கக்கூட எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. எங்கள் மகள் எவ்லின் இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை. என் பெஞ்சனுக்குப் பரிசாக எங்கள் இருவருக்கும் ஒக்டோபரில் பன்னிரண்டு நாள் யப்பான் பயணம் ஒழுங்கு செய்தாள். அதுவும் எல்லோரும் போகும் பெரிய பட்டணங்களுக்கு இல்லை. "அங்க ஒரே சனம் அப்பா. நீங்கள் ஆக்கள் போகாத பக்கமாப் போங்கோ" என்று மேற்குக் கரையோரம், ஷிமானே, தொத்தோரி என்று நாங்கள் கேள்விப்படாத பகுதிகளாகப் பார்த்து, எந்த நாள் எந்த ரயில் என்று அட்டவணை போட்டு, லமினேற் பண்ணி என் கழுத்தில் தொங்கவிடாத குறையாகத் தந்தாள்.

கொறற்றி கேட்ட முதல் கேள்வி, "அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லையம்மா. அதுதானே அதிண்ட விசேசம்" என்றாள் எவ்லின்.

"ஒருத்தரும் இல்லாத ஊருக்கு என்னத்துக்குப் போறது?"

அவள் கேட்டதிலும் பிழையில்லை. நாங்கள் உலகம் சுற்றியவர்கள்தான், ஆனால் பாரிஸ் என்றால் உங்கள் சின்னம்மா வீடு, லண்டன் என்றால் என் தங்கச்சி வீடு, ரொறன்ரோ என்றால் மூன்று கல்யாண வீடு. ஹோட்டல் என்றால் எந்தப் பக்கத்தால் உள்ளே போவது என்று எங்களுக்குத் தெரியாது. ஆகவே அவள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது போலவே சூட்கேஸ் அடுக்கினாள். முறுக்கு, பயத்தம் பணியாரம், இலங்கைத் தேயிலை, மீன் கறிக்குத் தூள். இதெல்லாம் ஆருக்கு என்று கேட்டேன். "ஆரோ ஒரு ஆளிண்ட வீட்டிலதானே படுக்கப் போறம். வெறுங்கையோட போறதே?" என்றாள். நான் அந்த இடத்திலேயே விழித்திருக்க வேண்டும்.

ஹமாநோ என்பது கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சின்ன ஊர். ஒரே ஒரு பெட்டி உள்ள ரயில் எங்கள் இருவரையும் இறக்கிவிட்டு வெறும் பெட்டியாகப் போனது. நாற்பது வீட்டில் பதினொன்றில்தான் ஆட்கள். பிள்ளைகள் எல்லாம் பட்டணம் போய்விட்டார்களாம். எங்களுக்கு அறை தந்தது ஹருயோ என்ற எழுபத்து நாலு வயது அம்மா, புருசன் இல்லை, தன் வீட்டிலேயே நாலு அறையை வாடகைக்கு விடுகிறா. எங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. அட்டவணைப்படி இரண்டு இரவு அங்கே, பிறகு கப்பலில் ஒரு தீவு, பிறகு மலைக்குள் ஒரு வெந்நீர் ஊற்று, பிறகு தொத்தோரி. நான் கக்கூசுக்குப் போடும் செருப்போடு சாப்பாட்டு அறைக்குள் போய் நின்று ஹருயோ அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது வேறு கதை, அதை விடுங்கள். பத்தே நிமிடத்தில் உங்கள் தங்கை அவவை "ஹருயோ அக்கா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். இருபதாவது நிமிடம் அவவின் குசினியில் நின்று வெங்காயத்தாள் வெட்டினாள். இவள் போனில் ஜேர்மன் சொல்ல, போன் அதை யப்பான் மொழியில் சொன்னது. பேந்து போனும் தேவைப்படவில்லை.

அன்று பின்னேரம் முறுக்கைக் கொடுத்தாள். எதில் கொடுத்தாள் என்று கேளுங்கள். ஒரு கிலோ யோகட் வாளியில். எங்கள் சனத்தின் எந்த வீட்டைத் திறந்தாலும் அந்த வாளி இருபது அடுக்கியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும். கறி கொடுத்துவிட அதைப் பாவிப்பதே திரும்பி வரத் தேவையில்லை என்பதற்காகத்தான். ஆனால் அடுத்த நாள் விடிய ஹருயோ அம்மா அந்த வாளியைக் கழுவித் துடைத்து, பூப்போட்ட துணியில் முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தா. உள்ளே காயவைத்த பழம், வரிசையாக அடுக்கி. கூடவே தன்னுடைய நீலக் கிண்ணம் ஒன்றில் முள்ளங்கி ஊறுகாய். கொறற்றிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களே, மனிசியிண்ட பழக்கத்தை. இனி அந்தக் கிண்ணத்தை வெறுமையாக் குடுக்கேலாது" என்றாள். கிண்ணத்தில் பயத்தம் பணியாரம் போனது. அதற்குக் காய்ந்த கணவாய் வந்தது. வாளியில் தேயிலை போனது, கடல்பாசி வந்தது. கொண்டுபோன பலகாரம் முடிந்ததும் நிற்பாள் என்று நினைத்தேன். அயலில் இருந்த எண்பது வயது மீன்பிடிகாரர் ஒருவர் ஒரு கோர்வை மீன் கொண்டுவந்து தந்தார், இவள் அதைத் தூள் போட்டுக் குழம்பு வைத்துப் பதினொரு வீட்டுக்கும் கொடுத்தாள். பதினொரு வீட்டிலிருந்தும் பதில் வந்தது. என் கை நீளத்துக்கு ஒரு முள்ளங்கி. பின்னிய கையுறை. ஒரு பெரிய போத்தல் புளிப்புப் பழம். அண்ணை, நான் பேக்கரியில் ஒரு இரவில் எட்டாயிரம் பாண் எண்ணி அனுப்பின மனிதன், எனக்கு விளங்கிவிட்டது. வாளியும் கிண்ணமும் ஒரே நாளில் தங்கள் தங்கள் வீட்டில் சும்மா நின்றால்தான் நாங்கள் வெளிக்கிடலாம், அது ஒருநாளும் நடக்கப் போவதில்லை.

இரண்டு இரவு நாலாச்சு, நாலு ஐந்தாச்சு. தீவு போய்விட்டது. வெந்நீர் ஊற்றும் போய்விட்டது. நான் அட்டவணையைக் காட்டினேன். "அங்க ஆர் எங்களைத் தேடுகினம்?" என்றாள். தொத்தோரியில் கடற்கரையோரம் பெரிய மணல் மலை இருக்கிறது, அதையாவது பார்ப்போம் என்றேன். "மன்னாரில இல்லாத மணலே?" என்றாள். அவளும் ஹருயோ அம்மாவும் குசினியில் குனிந்திருந்து எதற்கோ சிரிப்பார்கள். நான் வாசலில் இருந்து கடலைப் பார்ப்பேன், எழும்பி நடப்பேன், திரும்ப வந்து இருப்பேன். அந்த ஊரில் எனக்கென்று ஒரு வேலையும் இல்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் நீலக் கிண்ணம் எங்கள் அறையில் இருந்தது. அதில் வந்ததை நாங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டோம். விடிய எட்டேகால் ரயிலை விட்டால் தொத்தோரியும் இல்லை. கொறற்றி குளிக்கப் போகும்போது சொன்னாள், "சிவப்புப் பயறு ஊறப்போட்டிருக்கிறன். நாளைக்குக் கொழுக்கட்டை அவிச்சுக் கிண்ணத்தில போட்டுக் குடுத்திட்டு, நாளையிண்டைக்கு வெளிக்கிடுவம் என்னப்பா."

அவள் போனதும் நான் அந்தக் கிண்ணத்தைக் கழுவினேன். நன்றாகத்தான் கழுவினேன். துடைத்தேன். கொண்டுபோய் ஹருயோ அம்மாவின் குசினி வாசலில் வைத்துவிட்டு வந்தேன். வெறுமையாக. வந்து, எல்லாம் கொடுத்து முடிந்தது, அவவும் எங்களுக்கு நாளைக்கு நல்ல பயணம் என்று சொன்னா என்று உங்கள் தங்கைக்குப் பொய்யும் சொன்னேன். பயறு என்னாச்சு என்று கேட்டாள். அவவே பார்த்துக்கொள்வதாகச் சொன்னா என்றேன். ஒரு பொய்க்கு நாலு பொய் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இதுவரைக்கும் வாசித்துவிட்டு, இதென்ன பெரிய குற்றம், ஒரு கிண்ணம்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே வந்த பிறகு எவ்லின் தேடிப் பார்த்துச் சொன்னாள், அவர்கள் பக்கத்திலும் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்புவதில்லையாம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு தீப்பெட்டியாவது, ஒரு துண்டு வெள்ளைக் கடதாசியாவது உள்ளே வைப்பார்களாம். ஒரு துண்டுக் கடதாசி. என் சேட்டுப் பொக்கற்றில் பேனையும் சின்னக் கொப்பியும் இருந்தன அண்ணை.

விடிய நாங்கள் பெட்டியோடு வாசலில் நிற்க ஹருயோ அம்மா வந்தா. ஒரு கையில் எங்கள் வழிச்சாப்பாட்டுக்குச் சோற்று உருண்டைகள், மற்றக் கையில் அந்தக் கிண்ணம். முகம் செத்துப்போய் இருந்தது. போனில் ஏதோ சொன்னா. போன் ஜேர்மனில் சொன்னது, "நான் தந்ததில் ஏதாவது பிழை இருந்ததா? உங்களை மனம் நோகப் பண்ணியிருந்தால் மன்னியுங்கள்." கொறற்றி கிண்ணத்தைப் பார்த்தாள். உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அட்டவணையைப் பார்த்தேன்.

என்னைக் காட்டிக் கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள் செய்யவில்லை. போனை வாங்கி, "பிழை என்னுடையது. நான்தான் மறந்துபோய் அப்படியே வைத்துவிட்டேன்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு அவர்களைப் போலவே இடுப்புவரை குனிந்தாள். ஒரு தரமில்லை, மூன்று தரம். அவளுடைய முதுகு நாரி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கிப் பழுதாய்ப் போன நாரி. மூன்றாம் தரம் நிமிர ஏலாமல் என் கையைத் தேடினாள், நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹருயோ அம்மாதான் தூக்கி நிமிர்த்தினா.

ரயிலில் எனக்கு முன்னால் இருக்காமல் வேறு இருக்கையில் போய் இருந்தாள். அதற்குப் பிறகு தமிழே இல்லை. தேவையென்றால் ஜேர்மன். அதுவும் அம்ற்றில், அரசாங்கக் கந்தோரில் இருக்கிற உத்தியோகத்தரோடு கதைக்கிற மரியாதை ஜேர்மன். தொத்தோரி மணல் மலைக்கும் வந்தாள், ஏறினாள். ஏறிவிட்டு, "மன்னிக்க வேண்டும், எனக்கு ஒரு படம் எடுத்துத் தர உங்களால் முடியுமா?" என்று வழியில் போகிற ஆளிடம் கேட்பது போல என்னிடம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். "மிக்க நன்றி" என்றாள். அவள் தனியாக நிற்கிற அந்தப் படத்தை இந்த ஒன்பது நாளில் எத்தனை தரம் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

சரி, இனி என் பக்க நியாயம். அட்டவணை என்று ஒன்று இருந்தது, மகள் காசு கட்டின பயணம், இரண்டு இரவு என்றால் இரண்டு இரவு. பேக்கரிக்கு முந்தின வேலைகளையும் சேர்த்து முப்பத்தொரு வருடம் ஒரு நாளும் வேலைக்குப் பிந்திப் போகாத மனிதன் நான். இதுதான் என் நியாயம்.

இதை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன். குடிக்கவில்லை. உண்மையைச் சொல்லட்டோ அண்ணை? அட்டவணை இல்லை. எவ்லின் அதைப் போடும்போது தொத்தோரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டது நான். கடைசி மூன்று நாளும் அங்கே, வேறு அலுவல் ஒன்றும் போடாதே பிள்ளை என்று சொன்னதும் நான். எங்கள் கல்யாணத்தன்று ஸ்டாண்டஸ்அம்ற்றில், அந்தப் பதிவுக் கந்தோரில், கையெழுத்து வைத்துவிட்டு அன்றிரவே நான் வேலைக்குப் போனேன், நீங்கள்தானே சாட்சிக் கையெழுத்து வைத்தனீங்கள். அதற்குப் பிறகு ஒரு இடத்தில் நானும் அவளும் மட்டும், பக்கத்தில் பக்கத்தில், ஒன்றும் செய்யாமல் இருந்ததே இல்லை. அங்கே மணலில் அப்படி இருப்போம் என்று நினைத்தேன். அதை வாயைத் திறந்து அவளிடம் சொல்ல எனக்கு வெட்கம். அறுபத்தாறு வயதில் இதென்ன கதை என்பாள். அவள் ஹருயோ அம்மாவோடு சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் இருந்தபோது எனக்கு வந்தது எரிச்சல். அந்தச் சிரிப்பு நான் நித்திரையாய் இருந்த நேரமெல்லாம் எங்கட வீட்டிலயும் இருந்திருக்கும், எனக்குத்தான் தெரியாமப் போச்சு எண்டு ஒரு எரிச்சல். அதைத்தான் கிண்ணத்தில காட்டினன். அவளுக்குக் கோவம் கிண்ணத்தில இல்லை எண்டும் எனக்குத் தெரியும். என்ர பிழைக்கு அவள் குனிய நான் நிண்டு பார்த்தன். அதுதான் கோவம். இப்ப வீட்டில மாடிப்படியில கால் சத்தம் கேட்டால் எழும்பிப் போய்ப் பாக்கிறன், மேல் வீட்டுக்காரர் போகினம்.

எழுத்து வழிதவறிவிட்டது, மன்னிக்கவும். முடிவாக நான் கேட்பது: கொறற்றியை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ரயில் ஏற்றி அனுப்பிவைக்க வேண்டும். மூத்தவர் நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பாள். என் பக்கத்தில் சில நிபந்தனைகள் உண்டு. ஒன்று, நடந்ததை இனி இரண்டு பேரும் எடுத்துக் கதைப்பதில்லை. இரண்டு, வீட்டில் தமிழ். மூன்று, கண் டொக்டரிடம் அவளே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டு வேறு தெர்மின் எடுக்க வேண்டும். உங்கள் மனிசி காலமான நாளிலிருந்து உங்களுக்கும் நல்ல சாப்பாடு இல்லை என்பது எனக்குத் தெரியும், ஒன்பது நாள் ருசி கண்டுவிட்டு அவளை அனுப்ப மனம் வராது என்பதும் தெரியும். ஆனாலும் நியாயமாக நடப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மடுமாதா உங்களுக்கு நீண்ட ஆயுளையும், முழங்காலுக்குச் சுகத்தையும், அளவாகக் குளிக்கும் புத்தியையும் தருவாவாக. உங்கள் பக்கத்து வீட்டு ஜேர்மன் மனிதருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
அல்பேர்ட்

பி.கு.: அண்ணை, கடிதத்தை உறையில் போட்டு முத்திரையும் ஒட்டித் தபால் பெட்டி வரைக்கும் போனேன். போடவில்லை. இது போய்ச் சேர இரண்டு நாள், நீங்கள் கண்ணாடி தேட ஒரு நாள், யோசிக்க நாலு நாள். அதோடு, இதில் அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் நான் வேறு ஆளுக்கு எழுதிவிட்டேன் என்று அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போதுதான் விளங்கியது. உறையைக் கிழித்து இதை இப்போது ரயிலில், முழங்காலில் வைத்து எழுதுகிறேன், ஏர்ஃபூர்ட் தாண்டியாச்சு. ஆகவே மேலே எழுதின நிபந்தனை மூன்றையும் வெட்டிவிடுங்கோ. அவளை அனுப்பவும் வேண்டாம். இந்தக் கடிதத்தை வாசிக்கவும் வேண்டாம், அதை அடியில் எழுதினது என் பிழை. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் உங்கள் வீட்டு மணி அடிக்கும். நீங்கள் எழும்பாதேங்கோ, குளிக்கப் போங்கோ. கொறற்றியே வந்து திறக்கட்டும். அவள் திறந்த உடனே நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கு, மூன்று தரம் செய்ய வேணும், அதை மச்சான் உங்களுக்கு முன்னால் செய்ய எனக்கு வெட்கமாயிருக்கு.